ரோஜர் கடிக்கும் என்று சொன்னவள்

சுருட்டுக் கம்பெனி துரையின் பங்களாவில் புஷ்பமேரிக்கு நாய்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. நாய்க்கு ஒரு ஆயாவா என்று திண்டுக்கல் கடைத்தெருவே சிரித்தது. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். இருபத்திரண்டு வயதில் புருஷனைப் பறிகொடுத்து, பிறந்த பிள்ளையும் தங்காமல் வந்து சேர்ந்தவளுக்கு அந்த நாலு நாய்கள்தான் வீடு, வாசல், உறவு எல்லாம்.

நாலுமே டெரியர் என்ற வேட்டைச் சாதி. ஊரார் கண்ணுக்கு நாலும் ஒரே சீமை நாய்தான். குணமோ ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. ஃபாக்ஸ் டெரியர் ஜிப்புக்கு எலி வாசனை பட்டால் போதும், தரையைக் குழி பறித்துவிடும். அந்த நேரம் யார் கை குறுக்கே வந்தாலும் கடிதான். புஷ்பமேரியின் மணிக்கட்டில் இருந்த பல் தழும்பு அதன் உபயம். குட்டைக்கால் ஸ்காட்டிஷ் டெரியர் மேக் உலகத்தில் யாராவது ஒரே ஒருவரைத்தான் மதிக்கும், மற்றவர்கள் கூப்பிட்டால் காது கேட்காததுபோல உட்கார்ந்திருக்கும். ஏர்டேல் டியூக் நெட்டையான ஆசாமி. வந்தவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத்தான் குரைக்கும்.

நாலாவது, புல் டெரியர் ரோஜர். வெள்ளை உடம்பு, முட்டை போல நீண்ட தலை, இடுங்கிய கண், இரும்புத் தாடை. பார்த்தவர்கள் எட்டியே நிற்பார்கள். ஆனால் அப்படியொரு மனுஷப் பைத்தியத்தை அவள் கண்டதில்லை. வேறு நாயைக் கண்டால் சண்டைக்குப் போகும். மனிதரைக் கண்டாலோ வாலோடு இடுப்பும் சேர்ந்து ஆடும். ஒருமுறை சுவரேறிக் குதித்த திருடன் மேலேயே விழுந்து நக்கியதில், அவன் அலறி ஓடினான்.

ஐம்பத்தேழாம் வருஷம் துரை கம்பெனியை விற்றுவிட்டுச் சீமைக்குக் கிளம்பினார். சனிக்கிழமைக்குள் இடம் கிடைக்காத நாயைத் தெருவில் விடமாட்டேன், நானே சுட்டுவிடுவேன் என்றார். அதை அவர் இரக்கம் என்று நினைத்தார்.

புஷ்பமேரி ஊரெல்லாம் அலைந்தாள். எலித்தொல்லை தாங்காத மீரான் பாயின் தோல் சரக்கு வைக்கும் கிட்டங்கிக்கு ஜிப் போனது. தனியாக வாழ்ந்த ஒரு டீச்சரம்மாவிடம் மேக், வேடசந்தூர்ப் பக்கம் ஒரு மில் வாசலுக்கு டியூக். ரோஜரை மட்டும் யாரும் சீந்தவில்லை. வளர்க்க நினைத்தவர்கள் அதன் முகத்தைப் பார்த்து ஓடினார்கள். காவலுக்குக் கேட்டு வந்தவர்கள் அது வாலாட்டுவதைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

வெள்ளிக்கிழமை பிற்பகல், தேங்காய்த் திருட்டால் நொந்துபோயிருந்த தாடிக்கொம்பு கண்ணுசாமி வந்தார். இந்த முறை அவள் ரோஜரை முன்கூட்டியே கொட்டகைக்குள் அடைத்துவிட்டாள். ஆள் குரல் கேட்ட சந்தோஷத்தில் அது கதவைப் பிறாண்டி முட்டியது. கண்ணுசாமி இரண்டடி பின்னால் போனார்.

"கடிக்குமா?" என்றார்.

"கடிக்கும்யா. ரெண்டு பேரைக் கடிச்சுப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கு. சோறு போடுற என்னையே விடல, பாருங்க." மணிக்கட்டை நீட்டினாள். ஜிப்பின் தழும்பு ரோஜரின் கணக்கில் ஏறியது. அன்று சாயங்காலமே வாயைக் கட்டி வண்டியில் ஏற்றிவிட்டாள். உயிர் தப்பியது என்று மாதா கோவிலில் மெழுகுவர்த்தி ஏற்றினாள்.

பிறகு அவள் புகையிலைக் கிட்டங்கியில் கூலிக்குப் போனாள். ஞாயிறு பூசை முடிந்ததும் தாடிக்கொம்புக்கு நடப்பாள். தோப்பில் ரோஜர் தடிச்சங்கிலியில் கிடக்கும். யாரையாவது பார்த்தால் ஆசையில் எகிறும். ஆட்கள் பதறி விலகுவார்கள். கண்ணுசாமியின் மனைவி ராமுத்தாய் கஞ்சிச் சட்டியைக் கம்பால் தள்ளிவிடுவாள். தொட்டுத் தடவ ஆளில்லாமல் அந்த நாய் தன் காலையே கடித்துப் புண்ணாக்கிக்கொண்டிருந்தது. இது கடிக்காதும்மா என்று சொல்ல ஒவ்வொரு வாரமும் புஷ்பமேரிக்கு நாக்கு துடிக்கும். சொன்னால் தெருவில் விட்டுவிடுவார்கள். சொல்லாமலே திரும்பி வந்து, ராத்திரி சோறு இறங்காமல் கிடப்பாள்.

மறு சித்திரையில் அந்தப் பக்கம் வெறிநாய் பயம் கிளம்பியது. ஒருநாள் ரோஜர் சங்கிலியை அறுத்துக்கொண்டு போய் வாய்க்கால் மேட்டில் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தது. அதே மாலை, தோப்புக்கூலியின் மகளை ஒரு வெள்ளை நாய் கடித்துவிட்டுப் புதருக்குள் ஓடிற்று. அந்தச் சுற்றில் வெள்ளை நாய் ஏழெட்டு இருந்தன. ஆனால் கடிக்கிற நாய் என்று ஊருக்கே தெரிந்தது ஒன்றுதானே.

சந்தைக்கு வந்த பூக்காரி சொல்லி, புஷ்பமேரி தலைவிரிகோலமாக ஓடினாள். தோப்பில் கூட்டம். அறுந்த சங்கிலியோடு தானாகவே திரும்பி வந்த ரோஜரை, சங்கிலி நுனியைப் பிடித்துத் தென்னையில் கட்டியிருந்தார்கள். துப்பாக்கி லைசென்சு வைத்திருந்த கருப்புசாமியும் வந்திருந்தார்.

"அய்யா, இது கடிக்காதுய்யா. நான் சொன்னது பொய். இந்தத் தழும்பு வேற நாய் கடிச்சது."

"அன்னைக்குச் சொன்னது பொய்யா, இன்னைக்குச் சொல்றது பொய்யா?" என்றார் கண்ணுசாமி. "நீ கையக் காட்டுனதை நம்பித்தானே கொண்டாந்தேன்."

"பத்து நாள் கட்டிப்போட்டுப் பாருங்க. நானும் கூடவே கெடக்கேன். வெறி இருந்தா அதுக்குள்ள செத்துரும்."

"எம் புள்ள தொப்புளச் சுத்தி ஊசி போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரியில கெடக்கு," என்றான் கூலி. "பத்து நாள் பாக்கணுமாம்ல." அவனிடத்தில் இருந்தால் அவளும் அதையேதான் கேட்டிருப்பாள்.

தோப்பில் சுடக்கூடாது, ஓடைக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார்கள். ஆனால் அந்த நாயின் கழுத்தில் கை வைக்க ஓர் ஆண்பிள்ளைக்கும் துணிச்சல் வரவில்லை. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். வேறு யாராவது கயிறு போட்டு இழுத்துக் கொல்வதைவிட நானே கூட்டிப்போகிறேன் என்று அவள் சங்கிலியைப் பிடித்தாள். எட்டு மாதத்தில் முதல்முறையாக உலாத்தக் கிளம்பிய சந்தோஷம் ரோஜருக்கு. வழியெல்லாம் அவள் சேலையில் தலையை முட்டிக்கொண்டு வந்தது.

ஓடைக்குள் இறங்கியதும், கூட்டம் கரையேறி வருவதற்குள் கழுத்துப் பட்டையை அவிழ்த்தாள். "ஓடிரு." அது அவள் காலடியில் உட்கார்ந்தது. கல்லை எடுத்து எறிந்தாள். விளையாட்டு என்று நினைத்துக் கல்லைக் கவ்விக்கொண்டு வந்தது. முதுகில் ஓங்கி அறைந்தாள். தன் கையை அதன் வாய்க்குள் திணித்து, "கடிடா. ஒரு தடவ என்னையக் கடிச்சிட்டு ஓடுடா," என்று அழுதாள். அந்தப் பெரிய தாடையைத் திறந்து ரோஜர் அவள் விரல்களை நக்கியது.

கருப்புசாமி கரையிலிருந்து இறங்கினார். காலடிச் சத்தம் கேட்டு ரோஜர் திரும்பியது. புது ஆள். அவளை விட்டுவிட்டு, இடுப்பெல்லாம் ஆட அவரை நோக்கி ஓடியது. போய் அவர் செருப்பின் மேல் உட்கார்ந்து முகத்தை அண்ணாந்து பார்த்தது.

"எம்மா, இதையா சுடச் சொல்றாக?" என்றார் கருப்புசாமி.

அவள் கரையைப் பார்த்தாள். கண்ணுசாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிள்ளையின் தகப்பன் மட்டும் அசையாமல் நின்றான்.

கருப்புசாமி அதன் அடியிலிருந்து காலை மெல்ல உருவிக்கொண்டு, குறி பார்க்க நாலடி பின்னால் போனார். தன்னைக் கூப்பிடுகிறார் என்று ரோஜர் எழுந்து அவர் பின்னாலேயே போனது.