தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி

பல் இறங்கியது பிறகுதான். முதலில் நினைவுக்கு வருவது கெண்டைக்காலில் பட்ட அந்த நாயின் மூச்சுச் சூடு. பருத்திப்பட்டு ஏரிக்கரை வழியாகப் பள்ளியிலிருந்து தனியாக வந்துகொண்டிருந்தேன். ஒரு காது மடிந்த செவலை நாய். குரைக்கவில்லை, துரத்தவில்லை, தள்ளாடியபடி எதிரே வந்து, என்னைத் தாண்டிவிட்டது என்று நினைத்த நொடியில் திரும்பிக் கவ்விவிட்டு, ஒன்றும் நடக்காதது போலப் போய்விட்டது. அறுபதுகளின் கடைசி. எனக்கு ஒன்பது வயது.

வீட்டில் சொல்லவில்லை. என் வகுப்புத் தோழி கஸ்தூரியின் மாமாவை முந்தின வருஷம் நாய் கடித்திருந்தது. அந்தக் கதையை அவள் சொல்லாத மதிய இடைவேளை கிடையாது. "தொப்புள சுத்தி பதினாலு ஊசிடி. தெனம் ஒண்ணு. எங்க மாமா கத்திகினே கெடந்தாரு. போட்டுக்கலன்னா இன்னா ஆவும் தெரியுமா? நாய் மாரி கொலைப்பாங்க. தண்ணியப் பாத்தாலே பயம் வந்துடும், அப்பால செத்துடுவாங்க." எனவே எங்கள் குவார்ட்டர்ஸ் வீட்டின் பின்புறக் குழாயடியில், ரத்தம் தெரியக் கூடாதே என்று, துணி சோப்பைப் போட்டுக் காலையும் பாவாடை ஓரத்தையும் கை சலிக்கும்வரை கழுவினேன். அம்மாவிடம் முள் கீறியது என்றேன்.

அன்று முதல் என்னை நானே வேவு பார்க்கத் தொடங்கினேன். மணிக்கொரு தரம் ஒரு டம்ளர் தண்ணீரை முகத்துக்கு நேரே பிடித்து, பயம் வருகிறதா என்று பார்ப்பேன், பிறகு குடிப்பேன். தொண்டையில் இறங்கிவிட்டால் இன்னும் ஒரு மணி நேரத்துக்குச் சாவில்லை. "ஏட்டி, வயித்துக்குள்ள கெணறா வெட்டுத?" என்று, திருநெல்வேலிப் பேச்சை ஆவடிக்கு வந்தும் விடாத அம்மா கேட்டாள்.

இரண்டாம் நாள் மதியம் என் ஐந்து வயதுத் தம்பி சங்கரனை, வாசலில் விளையாடிக்கொண்டிருந்தபோது, ஒரு நாய் முழங்கையில் கடித்தது. தெருவே திரண்டு அதை அடித்துக் கொன்றது. ஓடிப்போய்ப் பார்த்தேன், ஒரு காது மடிந்திருந்தது. நான் வாயைத் திறந்திருந்தால் பெரியவர்கள் அதை முன்பே தேடியிருப்பார்கள், தம்பியை வெளியே விட்டிருக்க மாட்டார்கள் என்பது எனக்கு அந்த வயதிலேயே புரிந்தது. அதனாலேயே இன்னும் இறுக்கமாக வாயை மூடிக்கொண்டேன்.

"நாய் உயிரோட இருந்தா பத்து நாள் கட்டிப்போட்டுப் பாக்கலாம். கொன்னுட்டீங்களே, இனிப் பதினாலும் போட்டே ஆகணும்" என்றார் பட்டணத்து ஆஸ்பத்திரி டாக்டர். அப்பாவுக்குத் தொழிற்சாலையில் லீவு கிடைக்கவில்லை. தம்பியின் காலைப் பிடிக்க ஆள் வேண்டுமென்று அம்மா என்னைப் பள்ளிக்கு அனுப்பாமல் தினமும் பாசஞ்சர் வண்டியில் கூட்டிப்போனாள். ஊசி அவன் வயிற்றில் இறங்கும்போது திமிறும் கால்களைப் பிடித்துக்கொண்டு, என் வயிற்றை எக்கிக்கொள்வேன்.

ஊசி தொடங்கிய நான்காம் நாள், வராந்தாக் கோடியில் ஓர் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. கட்டிலில் ஒருவர். அவர் மனைவி தண்ணீர் நீட்டினாள். அவரே ஆசையாகத்தான் வாங்கினார். டம்ளர் உதட்டருகே போனதும் தொண்டை இழுத்து, உடம்பு வில்லாக வளைந்து, டம்ளர் சுவரில் போய் விழுந்தது. அவர் குரைக்கவில்லை. முழு நினைவோடு இருந்தார். தண்ணீர் சிந்திவிட்டதற்காக மனைவியிடம் மன்னிப்புக் கேட்பதுபோலப் பார்த்தார்.

ஓடிவந்து, ஊசி போடும் நர்ஸம்மாவின் வெள்ளைச் சேலையைப் பிடித்துக்கொண்டேன். "என்னையும் கடிச்சிருக்கு."

பாவாடையைத் தூக்கிப் பொருக்கைப் பார்த்தவர், "எத்தனை நாளாச்சு?" என்றார்.

"ஆறு நாள்."

அம்மா என் காலை இழுத்துப் பார்த்தாள். "எங்கிட்டச் சொல்லப்படாதா? பாவி மவளே, எங்கிட்டயுமா சொல்லப்படாது?"

"கடிச்சதும் என்ன செஞ்சே?" என்று கேட்டார் நர்ஸம்மா.

"சோப்பு போட்டுக் கழுவினேன். ரொம்ப நேரம்."

"பயத்துல செஞ்சாலும் சரியாத்தான் செஞ்சிருக்கே. படு."

அன்று என் காலைத் தம்பி பிடித்துக்கொண்டான். "அக்கா, வயித்த எக்காத, ரொம்ப வலிக்கும்" என்றான், நாலு ஊசி அனுபவத்தில்.

மறுநாள் அந்த அறையில் கட்டில் காலி. ஒரு ஆயா ஃபினாயில் ஊற்றித் தரையைக் கழுவிக்கொண்டிருந்தார். நானும் தம்பியும் பிழைத்தோம். ஆனால் அடுத்த பொங்கல்வரை ஒவ்வொரு டம்ளர் தண்ணீரையும் முதலில் பார்த்துவிட்டுத்தான் குடித்தேன்.

சேவை மனப்பான்மையில் நர்ஸ் ஆனேன் என்று, நான் ஓய்வு பெற்றபோது பிரிவுபசார விழாவில் பேசினார்கள். இல்லை. அந்த மனிதரின் தொண்டைக்குள் என்ன நடந்தது என்று தெரியாமல் என்னால் இருக்க முடியவில்லை. எழுபதுகளில் பயிற்சிக்குச் சேர்ந்து, வெறிநாய்க்கடிப் பாடத்தைப் படித்து முடித்த அன்றுதான் அந்தப் பயத்துக்கு ஒரு பெயர் கிடைத்தது, பயம் குறையவில்லை. வந்துவிட்டால் அந்த நோய் இன்றும் ஆளை விடுவதில்லை.

ஓய்வு பெறுவதற்குச் சில வாரங்கள் முன்பு, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு சிறுமியை நாய்க்கடியோடு கூட்டி வந்தார்கள். அவள் முகத்தைப் பார்த்ததும் அவசரமாக, "வயித்துல இல்லடா கண்ணு, கையிலதான்" என்றேன்.

அவள் சட்டைக் கையை மடித்துவிட்டு என்னை விநோதமாகப் பார்த்தாள். "வயித்துல எதுக்கு ஆன்ட்டி போடுவாங்க?"