சத்தம் போன மடக்குக் கத்தி

அடுத்த வாரம் என் கணவருக்கு முதல் தெவசம். படையலுக்கு வைக்கும் கொய்யாவை அவருடைய மடக்குக் கத்தியால்தான் நறுக்க வேண்டும், அதுவும் பழையபடி 'டக்'கென்று சத்தத்தோடு திறந்து நறுக்க வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம். அதற்காகத்தான் போன செவ்வாய்க்கிழமை பொன்னேரியிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குப் போனேன்.

மடக்குக் கத்தி பழகாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பிடியின் முதுகுப் பக்கம் ஓர் இரும்புப் பட்டை இருக்கும். அதுதான் ஸ்பிரிங். நகத்தைக் கொடுத்து அலகைப் பாதிக்கு மேல் இழுத்தால் மீதியை அதுவே தள்ளி நிறுத்திவிடும். அப்போது வருவதுதான் அந்தச் சத்தம். சாயங்காலம் அது கேட்டால் போதும், எங்கள் பிள்ளைகள் இரண்டு பேரும் பழத்துக்கு ஓடிவருவார்கள். அவருடைய கடைசி ஆறேழு மாதத்தில் சத்தம் மெலிந்துகொண்டே போய் நின்றேவிட்டது. "கத்திக்கும் உங்களை மாதிரியே வயசாயிடுச்சு" என்று கிண்டல் செய்வேன். சிரித்துக்கொள்வார்.

காலை ஒன்பதரை மணி புறநகர் ரயில், டிக்கெட் ஐந்து ரூபாய். பன்னிரண்டு கிலோமீட்டர்தான், இருபது நிமிடத்தில் போய்விடலாம் என்பார்கள். கவரைப்பேட்டையில் விரைவு ரயிலுக்கு வழிவிட்டு நின்றதில் நாற்பது நிமிடமானது. ஸ்டேஷனிலிருந்து தொழிற்பேட்டைக்கு ஷேர் ஆட்டோ முப்பது ரூபாய்.

"ஒரு கத்திக்கா இம்மாம் தூரம் வர்றீங்க? புச்சா ஒண்ணு வாங்கிக்கினா ஆச்சு" என்றார் ஓட்டுநர். லாரிகள் கிளப்பிய புழுதிக்கு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

காதர் பாய் பழவேற்காட்டுக்காரர். என் கணவரோடு ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்துவிட்டு, இப்போது சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கிறார். "ஸ்பிரிங் தேஞ்சுபோச்சு பாய், புதுசு போட்டுக் குடுங்க" என்று கத்தியை நீட்டினேன். திறந்து பார்த்தவர் முதுகுப் பட்டையைக் கட்டை விரலால் தடவினார்.

"தானா தேயல அண்ணி. நான்தான் கிரைண்டர்ல வெச்சு மெலிசாக்கிக் குடுத்தேன். மூணு தபா வந்தாரு அண்ணன். கட்டை விரல் மரத்துப் போவுது, தொறக்கவே பேஜாராகீது, கொஞ்சம் தளர்த்திக் குடுன்னாரு."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே?"

"ஊட்ல சொல்லாத, அவளுக்குத் தெரிஞ்சா கத்தியப் புடுங்கி வெச்சுக்கினு ஆஸ்பத்திரிக்கு இஸ்துகினு போய்டுவான்னாரு."

இழுத்துக்கொண்டுதான் போயிருப்பேன். ஐப்பசியில் பக்கவாதம் வந்து, மூன்றாம் நாளே போய்விட்டார். விரல் மரத்தது அதற்கு முன்னறிவிப்பாக இருந்திருக்கலாம். பாய் மேல் கோபம் வந்தது. செத்துப்போன மனிதர் மேல் அதைவிடக் கோபம் வந்தது. பட்டறை வாசலிலேயே நின்று அழுதேன்.

"தப்புதான் அண்ணி. வயசாவுது, அதான்னு நெனச்சுக்கினேன்" என்றார் பாய். நானும் அதையேதான் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அவரை என்னவென்று திட்டுவது?

புது ஸ்பிரிங் போடட்டுமா, பழைய சத்தம் வரும் என்று கேட்டார். வேண்டாம் என்றேன். என் வீட்டுக்காரர் விரலுக்காக மெலிந்த பட்டை, அப்படியே இருக்கட்டும். கத்தியைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, மதிய ரயிலில் திரும்பினேன்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். வெள்ளிக்கிழமை மதியம் பாய் தொழுகைக்குப் போய்விடுவார், காலையிலேயே போங்கள். புது ஸ்பிரிங் போட அரை மணி நேரமாகும். தளர்த்திய கத்தியை அழுத்தி அறுக்காதீர்கள், விரல் மேலேயே மடங்கும். ஸ்பிரிங்கைத் தளர்த்தித் தரச் சொன்னால் பாய் முதலில் உங்கள் கையைக் காட்டச் சொல்வார். கட்டை விரலை அழுத்திப் பார்த்து, டாக்டரிடம் போனீர்களா, வீட்டில் சொன்னீர்களா என்றெல்லாம் கேட்பார். கேட்கச் சொல்லிவிட்டு வந்தது நான்தான். கோபப்படாமல் காட்டுங்கள்.