ஆண்டியப்பன் பெயர் வெட்டிய கல்

கோயில் மண்டபத்துத் தரை முழுவதையும் பெயர்த்துவிட்டு சிமெந்து பூசிவிடலாம் என்று தோட்டத் தொழிலாளர் தலைவர் நடராஜா சொன்னபோது, கொத்தனார் நல்லையா பாஸ் முதல் தடவையாக அவரை எதிர்த்துப் பேசினார்.

"அது ஆகாதுங்க தலைவரே. உடைஞ்சது ஒத்தக் கல்லு. அதுக்காக நாப்பத்தெட்டையும் கிளப்பணுமா?"

"ஒண்ணைக் கிளப்பினா சுத்தி இருக்கிறது சும்மா இருக்குமா? அலவாங்கைப் போட்டு நெம்புறப்போ பக்கத்துக் கல்லும் சேந்து உடையும். பெறகு அதையும் மாத்தணும், அதுக்குப் பக்கத்ததையும் மாத்தணும். கும்பாபிஷேகத்துக்கு ஒண்ணரை மாசம்கூட இல்ல."

"அலவாங்கே எடுக்க மாட்டேன். பக்கத்துக் கல்லுல ஒரு செதில் போனாலும் எங்கிட்டக் கேளுங்க."

அது 1970ஆம் ஆண்டு. மாத்தளையிலிருந்து நாவுலவுக்குப் போகும் பாதையை விட்டு இறங்கி, கொக்கோ மரங்களுக்கு நடுவே இரண்டு கட்டை, அதாவது இரண்டு மைல், நடந்தால் அந்தத் தோட்டம். அங்கே கொத்து வேலைக்கு நல்லையாவை விட்டால் ஆள் கிடையாது. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துச் சுவரானாலும் தோட்டத் துரை பங்களாவின் புகைபோக்கியானாலும் அவர் கைதான். மாரியம்மன் கோயில் மண்டபத்துக்குக் கருங்கல் பதித்ததும் அவர்தான், 1951இல். கல்லுக்கு ஒரு குடும்பம் என்று நாற்பத்தெட்டுக் குடும்பங்கள் கொடுத்த கற்கள். ஒவ்வொன்றின் மேலும் கொடுத்தவர் பெயரை வெட்டியிருந்தார். இப்போது அந்தக் குடும்பங்களில் பாதிக்கு மேல் குடியுரிமை ஒப்பந்தப்படி இந்தியாவுக்குப் போய்விட்டன. மீதிப் பேரும் பாஸ்போட்டுக்குக் காத்திருந்தார்கள். தரையைப் பெயர்த்தால் அவர்கள் இங்கே இருந்ததற்கு மிச்சமாக ஒன்றும் இருக்காது என்று நல்லையா சொன்னதும் நடராஜா யோசித்தார்.

"சரி, செய்யுங்க. ஆனா புதுக் கல்லு மொட்டையா இருக்கட்டும். அந்தப் பேரு திரும்ப வேணாம்."

அந்தப் பெயர் ஆண்டியப்பன்.

ஆண்டியப்பன் கொக்கோ காயப் போடும் ஸ்டோரில் காவல்காரராக இருந்தவர். 1955இல் தோட்டத்தில் வேலைநிறுத்தம் நடந்தது. முன்னின்று நடத்திய மூன்று பேரின் பெயர்கள் எப்படியோ துரைக்குப் போய், மூன்று குடும்பங்களும் லயத்தை விட்டு வெளியேற்றப்பட்டன. அதற்கு முந்தின நாள் ஆண்டியப்பன் பங்களாப் பக்கம் போனதை யாரோ பார்த்திருந்தார்கள். ஸ்டோர் சாவியைக் கொடுக்கப் போனேன் என்று அவர் சொன்னதைச் சிலர் நம்பினார்கள், பலர் நம்பவில்லை. யார் காட்டிக் கொடுத்தது என்பது கடைசிவரை தெரியவில்லை.

அடுத்த வருடத் திருவிழாவில் சப்பரத்தை மண்டபத்தில் இறக்கியபோது, அதன் ஒரு கால் ஆண்டியப்பன் பெயர் வெட்டிய கல்லின் மேல் ஊன்றியது. 'டப்' என்று கல் குறுக்கே வெடித்தது. நாற்பத்தெட்டுக் கல்லில் அந்த ஒன்று மட்டும். கூட்டம் அப்படியே நின்றது. பிறகு யாரோ ஒரு பெண், "அம்மாவே சொல்லிட்டா" என்றாள். அத்தோடு முடிந்தது. ஆண்டியப்பனோடு அதன் பின் யாரும் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் நின்று பேசவில்லை. மூன்று வருடம் கழித்து அவர் இறந்தபோது பாடை தூக்கவே ஆள் தேட வேண்டியிருந்தது. அவர் மனைவி பாப்பம்மா அன்றிலிருந்து கோயில் வாசலில் நின்று கும்பிட்டுவிட்டுப் போவாளே தவிர, மண்டபத்தில் கால் வைத்ததில்லை.

நல்லையா அந்தத் திருவிழாவில் சப்பரத்துக்குப் பக்கத்திலேயே நின்றார். அந்தச் சத்தத்தைக் கேட்ட உடனேயே அவருக்குச் சந்தேகம் தட்டியது. அடியில் சாந்து நிறைவாக இருக்கும் கல் அப்படிச் சத்தம் போடாது. ஆனால் அவர் வாயைத் திறக்கவில்லை. அடியைப் பார்க்காமல் எப்படிச் சொல்வது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். பார்க்காமலே பதினான்கு வருடம் போயிற்று.

வேலையைத் திங்கட்கிழமை ஆரம்பித்தார். சுற்றியிருந்த எட்டுக் கற்களின் மேலும் ஈரச் சாக்கை மடித்து விரித்தார். வடக்கே இருந்தது றெங்கசாமி குடும்பத்தின் கல். அவர்கள் போய் இரண்டு வருடமாகிறது. கிழக்கே இருந்தது நல்லையாவின் மனைவி சுந்தரம்மாவின் பெயர் வெட்டிய கல். உடைந்த கல்லுக்கும் பக்கத்துக் கற்களுக்கும் இடையில் விரல்கனத்துக்குச் சாந்து இறுகிக் கிடந்தது. அதை அப்படியே விட்டு நடுக் கல்லில் அடித்தால் அடி அந்தச் சாந்து வழியாகப் பக்கத்துக் கல்லுக்குப் போகும். அதனால் மரம் அறுக்கும் பழைய வாள் அலகின் துண்டுக்குத் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு, நான்கு பக்கமும் சாந்தைச் சுரண்டினார். கல்லின் அடிவரை போக வேண்டும். கொஞ்சம் சுரண்டுவது, தூசியை ஊதுவது, மறுபடியும் சுரண்டுவது. அதற்கே அன்றைய நாளும் மறுநாள் மத்தியானமும் போயின. கடைசியில் உடைந்த கல் நான்கு பக்கமும் தொடுப்பு அற்றுத் தனியாக நின்றது.

அதன் பிறகுதான் உளியை எடுத்தார். ஓரத்தில் அல்ல, நடுவில், வெடிப்பை ஒட்டி. சின்ன உளி, சின்னச் சுத்தியல், மெல்லிய அடி. நடுவில் ஒரு குழி விழுந்ததும், அங்கிருந்து வெளிப்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்து, ஒவ்வொரு துண்டையும் நடுக்குழிப் பக்கமே இழுத்து எடுத்தார். ஒரு துண்டைக்கூடப் பக்கத்துக் கல்லின் விளிம்பில் முட்டுக்கொடுத்து நெம்பவில்லை.

நான்காவது துண்டை எடுத்ததும் கை உள்ளே இறங்கியது. மணிக்கட்டுவரை இறங்கியது.

அடியில் சாந்துப் படுகை இல்லை. மூலைக்கு ஒன்றும் நடுவில் ஒன்றுமாக ஐந்து சாந்து உருண்டைகள் மட்டும் இருந்தன. இடையில் எல்லாம் வெறும் பள்ளம், எறும்பு தள்ளிய மண். உருண்டைகள் இரும்பாக இறுகியிருந்தன. ஒன்றின் மேல் அவருடைய விரல்கள் அழுத்திய தடம், நேற்றுப் பதித்தது போல இருந்தது.

நல்லையா அங்கேயே உட்கார்ந்துவிட்டார். இப்போது எல்லாம் ஞாபகம் வந்தது. அன்றைக்குப் பதித்த கடைசி வரிசை அது. மழை பிடித்துக்கொண்டது, குழைத்த சாந்து முடிந்துவிட்டது. திரும்பக் குழைக்கச் சோம்பலாக இருந்தது. வீட்டுக்குப் போக வேண்டும் என்ற ஒரே நினைப்பு. அவருக்கு ஆண்டியப்பன் மேல் கோபமும் இல்லை, அந்தக் கல் யாருடையது என்று பார்க்கவும் இல்லை.

அந்த ஐந்து உருண்டைகளையும் கொத்தி எடுத்துவிடக் கால் மணி நேரம் போதும். மண்டபத்தில் வேறு யாரும் இல்லை. உளியை எடுத்தார், கீழே வைத்தார். பிறகு பள்ளத்தின் மேல் ஒரு பலகையைப் போட்டு மூடிவிட்டு வீட்டுக்குப் போனார்.

நல்லையா சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டே சுந்தரம்மா அவருக்குத் தேநீர் ஊற்றி வைத்தாள். பிறகு, "அந்த மனுசன்தான் போய்ச் சேந்துட்டாரே. இப்ப சொல்லி என்னா ஆகப் போவுது?" என்றாள்.

"பாப்பம்மா இருக்கா இல்ல."

"அவளும் அடுத்த மாசம் கப்பலேறப் போறா."

"அதுக்குத்தான் சொல்றேன். போறதுக்கு முன்ன தெரியணும்."

"ஊரே காறித் துப்பும் ஒங்க மேல."

"துப்பட்டும் புள்ள" என்றார் நல்லையா.

வெள்ளிக்கிழமைப் பூசைக்குத் தோட்டத்துச் சனம் கூடியது. நல்லையா வாசலுக்குப் போய், வழக்கம்போல வெளியே நின்ற பாப்பம்மாவிடம் கைகூப்பினார்.

"ஒருக்கா உள்ள வாங்க தங்கச்சி. ஒங்களுக்கு ஒண்ணு காட்டணும்."

"நான் அங்க வர்றதில்லண்ணே. ஒங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும். அதுக்குத்தான் கூப்பிடுறேன்."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு தயங்கித் தயங்கி உள்ளே வந்தாள். கூட்டம் விலகி வழிவிட்டது. நல்லையா பலகையை எடுத்தார்.

"எல்லாரும் பாருங்க. இது நான் பதிச்ச கல்லு. அடியில சாந்து போடல. அஞ்சு உருண்டையை வச்சிட்டு மூடிட்டேன். வெத்து இடத்து மேல எந்தக் கல்லை வச்சாலும் பாரம் எறங்கினா வெடிக்கும். எம் பேரு போட்டிருந்தாலும் வெடிச்சிருக்கும். அம்மா ஒண்ணும் சொல்லல. தப்பு எங் கைத் தப்பு. சத்தம் கேட்ட அன்னைக்கே எனக்குச் சந்தேகம் வந்திச்சு. சொல்லாம இருந்துட்டேன்."

கூட்டம் பள்ளத்தை எட்டிப் பார்த்தது. அர்ச்சகர்கூட மணியைக் கையில் பிடித்தபடி நின்றார். நடராஜா மட்டும் தாழ்ந்த குரலில், "சரி, விடுங்க நல்லையா" என்றார்.

பாப்பம்மா மண்டியிட்டு உட்கார்ந்து பள்ளத்துக்குள் கையை விட்டாள். உருண்டைகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். விரல் தடத்தின் மேல் அவள் கை கொஞ்ச நேரம் நின்றது.

"சாவுறப்போ எங்க வீட்டுக்காரரு தண்ணிகூடக் கேக்கல" என்றாள், யாரையும் பார்க்காமல். "'அந்தக் கல்லு ஏம் புள்ள வெடிச்சிச்சு'ன்னுதான் கேட்டாரு. தனக்கே தெரியாம ஏதோ பாவம் செஞ்சிட்டோம்னு அவரே நம்பிட்டாரு. சாவி குடுக்கப் போனதே தப்போன்னு பொலம்பிக்கிட்டே கிடந்தாரு." பிறகு நிமிர்ந்து நல்லையாவைப் பார்த்தாள். "அன்னைக்கி நீங்க எங்க வீட்டுக்கு வந்திருந்தீங்கண்ணே. அவரு தலமாட்டுல ஒக்காந்திருந்தீங்க."

நல்லையாவுக்குத் தலை நிமிரவில்லை. ஆமாம், வந்திருந்தார். உட்கார்ந்திருந்தார்.

அவள் திட்டுவாள் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவள் சேலையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். நடராஜாவைப் பார்த்து, "புதுக் கல்லுலயும் அவரு பேரு இருக்கணும் தலைவரே" என்றாள். நடராஜா தலையை ஆட்டினார். 

புதுக் கல்லை நல்லையா கல்லுடைக்கும் இடத்துக்குத் தானே போய்ப் பொறுக்கினார். பதித்த பிறகு உளி போட்டால் அதிரும் என்பதால் பெயரை முதலிலேயே வெட்டினார். பள்ளத்தைச் சுத்தமாகக் கொத்தி எடுத்து, மண்ணை இடித்து இறுக்கி, கல்லைச் சாந்தில்லாமல் இரண்டு தடவை வைத்துப் பார்த்து, உயரம் பக்கத்துக் கல்லுக்குச் சரியாக வருமா என்று மட்டப்பலகை பிடித்தார். பிறகு மூலை முடுக்கு விடாமல் சாந்தை நிரப்பி, கயிற்றில் கல்லை இறக்கி, மரக் கொட்டாப்புளியால் தட்டித் தட்டி அமர்த்தினார். ஒவ்வொரு தட்டுக்கும் காதைச் சாய்த்துக் கேட்டார். எங்கும் ஒரே சத்தம், கெட்டியான சத்தம். சாக்குகளை எடுத்தபோது எட்டுக் கற்களிலும் ஒரு கீறல் இல்லை.

அதோடு நிறுத்தவில்லை. மண்டபம் முழுவதும் தட்டிப் பார்த்தார். அதே வரிசையில் இன்னும் இரண்டு கற்கள் வெற்றுச் சத்தம் கொடுத்தன. அதையும் நடராஜாவிடம் போய்ச் சொல்லி, அவற்றையும் எடுத்து மறுபடியும் பதித்தார். கூலி வாங்கவில்லை.

கும்பாபிஷேகத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது பாப்பம்மா புறப்பட்டாள். மாத்தளை ஸ்டேஷனுக்குப் போக லொறி வந்து நின்றது. ஆண்டியப்பனின் பாடைக்குத் தோள் கொடுக்காத வீடுகளிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். பாயும் பெட்டியும் பாத்திரமும் கை மாறிக் கை மாறி லொறிக்குப் போயின. தகரப் பெட்டியை நல்லையா தூக்கினார். பாப்பம்மா பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை, வாங்கிக்கொள்ளவும் இல்லை. அவர் அதை லொறியில் ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டும்வரை பக்கத்தில் நின்றாள்.

"பதிச்சது காஞ்சிருச்சாண்ணே?" என்று கேட்டாள்.

"மேல காஞ்சிருச்சு. உள்ள இறுக இன்னும் ஒரு மாசம் போவும் தங்கச்சி."

"அது வரைக்கும் பாரம் வைக்க விடாதீங்க" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தாள்.

அந்த வருடக் கும்பாபிஷேகத்தன்று சப்பரம் மண்டபத்துக்குள் வரவில்லை. நல்லையா வாசலில் நின்று, அதை வெளியே மண்ணிலேயே இறக்க வைத்தார்.