அந்தோனிமுத்து ரொக்கெற்றை இறக்கிய விதம்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கும்பிடு போட்டவர் அந்தோனிமுத்து. ஆனால் முல்லைத்தீவுக் கரையில் படுத்துப்போன எந்த வள்ளத்து எஞ்சினும் அவர் கை பட்டால் எழும்பி உறுமும். எந்த வாத்தியும் சொல்லித் தரவில்லை. கழற்றினார், பூட்டினார், கற்றுக்கொண்டார். படித்தவனுக்கு ஒரு வழிதான் தெரியும், படிக்காதவனுக்கு எல்லா வழியும் தெரியும்.

அறுபதை எட்டிப்பிடிக்கிற வயதில் அதே துணிச்சலோடுதான் கணினியிலும் கை வைத்தார். மகள் யதுசா கொழும்புக்கு வேலைக்குப் போகையில் விட்டுச்சென்ற பழைய லப்ரொப். இங்கிலிசு எழுத்துகளைப் படம் பார்ப்பதுபோலப் பார்த்து மனதில் பதித்து, யூரியூப்பைக் கேட்டுக் கேட்டு, திரைக்குள்ளேயே பறக்கிற ஒரு ரொக்கெற் படத்தைக் கட்டி எழுப்பிவிட்டார். மேலே போய்ச் சுமையை விட்டுவிட்டு, அடித்துண்டு மட்டும் எஞ்சினோடு திரும்பி வந்து கரையில் நிற்கும். பிறகும் பறக்கும். அந்தத் திரும்பி வருகிற வேலைதான் அவரைப் பிடித்து ஆட்டியது.

இத்தனையும் மனைவி புனிதமலருக்காக. சண்டையின் கடைசி மாதங்களில், தண்ணீர் எடுக்க, பதுங்கியிருந்த பங்கரை விட்டு வெளியே போன அவளுடைய தங்கை பிரேமிளா செல் குண்டு விழுந்து செத்தாள். அதற்குப் பிறகு புனிதமலர் சமைப்பாள், செபிப்பாள், எதையும் நிமிர்ந்து பார்க்கமாட்டாள். கல்வீடு கட்டினார், "ம்" என்றாள். இரண்டு வள்ளம் வாங்கினார், அதற்கும் "ம்" தான். இந்த ஒன்றையாவது அவள் பார்த்து, வாய் திறந்து ஒரு நல்ல சொல் சொல்ல வேண்டும்.

முதலில் பார்த்தவன் அவளுடைய தம்பி வின்சன்.

"அத்தான், வெள்ளைக்காரன் வாலைக் கீழை வைச்செல்லோ இறக்கிறான்? நீங்கள் தலைகுப்புற விடுறியள்."

"வள்ளம் கரைக்கு வரேக்கை எது முன்னுக்கு வரும்?"

"அணியம்தான், மூக்குப்பக்கம்."

"பின்பக்கம் வந்தால்?"

"அலை ஏறி எஞ்சின் துலைஞ்சு போம்."

"பிறகென்ன கதை? அவங்கள் மேசையிலை படிச்சவங்கள். நான் கடலிலை படிச்சவன்."

"ஓமோம். நாளைக்கு உங்களைக் கூட்டிக்கொண்டு போக பிளேன் அனுப்புவாங்கள். வேட்டியைத் தோய்ச்சு வையுங்கோ."

அந்தோனிமுத்து மாற்றவில்லை. மூக்கு முன்னால் வரும், மணலுக்குக் கிட்ட வந்ததும் புரண்டு நிமிர்ந்து நிற்கும். அந்தப் புரளலில்தான் அவருடைய கெட்டித்தனம் முழுவதும் இருந்தது.

அந்தோனியார் திருநாளுக்கு முதல்நாள், நவநாள் செபம் முடிந்து பங்கு மண்டபத்தில் போட்டுக்காட்டப் பாதர் சம்மதித்தார். புனிதமலர் பெண்களோடு பாயில் இருந்தாள். ரொக்கெற் கிளம்பியது. பிள்ளைகள் கைதட்டினார்கள். பிறகு திரை முழுவதும் வானம். கூவென்ற சத்தத்தோடு ஒரு கரிய மூக்கு கீழ்நோக்கி வந்தது. வந்து கொண்டேயிருந்தது.

"படுங்கோ!"

யார் கத்தியதென்று தெரியவில்லை. ஒரு தாய் பிள்ளையைக் கீழே போட்டு மேலே கவிழ்ந்தாள். கதிரைகள் சரிந்தன. புனிதமலர் பாயில் முகம் குப்புற, இரண்டு கையாலும் பிடரியைப் பொத்திக்கொண்டு கிடந்தாள். திரையில் ரொக்கெற் அழகாகப் புரண்டு நிமிர்ந்து நின்றது. அதை அந்தோனிமுத்துவும் பார்க்கவில்லை.

அடுத்த கிழமை முழுவதும் குந்தியிருந்து, வாலைக் கீழே வைத்து, சத்தத்தையும் எடுத்துவிட்டு, மெல்ல மெல்ல இறக்கினார். குசினிக்குள் கொண்டுபோய்க் காட்டினார். வானத்தில் நெருப்புப் பொட்டுத் தெரிந்ததுமே அவள் சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டாள்.

"இஞ்சேருங்கோ, மேலையிருந்து வாற ஒண்டையும் எனக்குக் காட்டாதேங்கோ."

அவர் தோற்றுப் பழக்கமில்லாத மனிதர். மறுநாள் மறுபடி கொண்டுபோனார். ரொக்கெற் ஏறியது, சிறுத்தது, புள்ளியாகி மறைந்தது. அவள் தேங்காய் திருவுவதை நிறுத்திவிட்டுக் கடைசிவரை பார்த்தாள்.

"இது திரும்பி வராதோ?"

"வராது."

"அப்ப வடிவாயிருக்கு" என்றாள்.

இவ்வளவு காலமும் ஏங்கிய சொல் அதுதான்.

பின்னேரம் வின்சன் வந்து லப்ரொப்பைத் திறந்து பார்த்தான்.

"அத்தான், இறங்கிற துண்டு எங்கை?"

"வெட்டிப்போட்டன்."

"ஐயோ, இவ்வளவு பாடுபட்டு! ஏன்?"

"உன்ரை அக்கா கடைசிவரை பாத்தவா" என்றார் அந்தோனிமுத்து. பிறகு, பழுதாகிக் கிடந்த எஞ்சினின் மூடியைக் கழற்றத் தொடங்கினார்.