கீரனூரில் நான் சொன்ன ஐயாயிரத்து ஐந்நூறு

எனக்கு மலிவாகத் தெரியும் ஓர் ஊரில் நான் மகிழ்ந்து கொடுக்கும் வாடகை, அங்கே ஏற்கெனவே குடியிருப்பவரை வெளியேற்றிவிடுமானால், அதை மலிவான ஊர் என்று எப்படி எழுதுவது? கட்டுமாவடியில் ஒரு கூடை நண்டுக்கு முன்னால் நின்றபோது இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. ஆனால் தவறு அதற்கு இரண்டு நாள் முன்பே கீரனூரில் நடந்துவிட்டது.

பள்ளிப் பாடச் செயலிகளைச் சோதித்துப் பிழை சொல்வது என் வேலை. அதை எங்கிருந்தும் செய்யலாம் என்று சென்னை அலுவலகம் அனுமதித்ததும், எந்த ஊரில் எவ்வளவு செலவாகும் என்று சக ஊழியர்கள் சேர்ந்து ஒரு பட்டியல் தயாரிக்கத் தொடங்கினோம். புதுக்கோட்டை மாவட்டத்தை நான் எடுத்துக்கொண்டேன். சென்னையில் ஒற்றை அறைக்குப் பதினான்காயிரம் கொடுத்துவந்த எனக்குக் குடியேறவும் ஓர் ஊர் தேவைப்பட்டது.

புதன்கிழமை காலை ஒன்பது மணி. திருச்சியிலிருந்து முப்பது ரூபாய் டிக்கெட்டில் கீரனூர் வந்து இறங்கினேன். ஓய்வுபெற்ற நடத்துநர் சிதம்பரத்தின் வீட்டில் வாடகைக்கு விடும் இரண்டு போர்ஷன்கள், ஒன்று காலி. இரண்டு அறை, கொல்லையில் கிணறு, தடங்கலில்லாத இணையம். வாடகை நாலாயிரம் என்றார். என் மனம் சென்னைக் கணக்கிலேயே இருந்தது. ஐயாயிரத்து ஐந்நூறு தருகிறேன், வேறு யாருக்கும் விட்டுவிடாதீர்கள் என்றேன். அவர் உடனே தலையாட்டினார்.

அன்றே முன்பணம் கொடுக்கப் போனேன், வாங்க மறுத்துவிட்டார்.

"ஆடியில அட்வான்ஸும் வேணாம், குடி வரவும் வேணாம்ங்க. ஆவணி பொறக்கட்டும், வந்து பாலைக் காய்ச்சுங்க."

மூன்று வாரம் வீணாகிறதே என்று உள்ளுக்குள் சலித்துக்கொண்டு, மற்ற ஊர்களையும் பார்த்துவிடப் புறப்பட்டேன்.

வியாழக்கிழமை, விராலிமலையில் பஸ் மாறிக் கொடும்பாளூர். வாடகைக்கு வீடு என்று எதுவும் அகப்படவில்லை. தேநீர்க் கடைக்காரர் மாடி அறையை இரண்டாயிரத்து ஐந்நூறுக்குத் தரச் சம்மதித்தார். மதியச் சாப்பாடு அறுபது ரூபாய். மாலை ஐந்துக்கு மடிக்கணினியை மூடிவிட்டு, மூவர் கோயிலில் எஞ்சி நிற்கும் இரண்டு விமானங்களைச் சுற்றி நடந்தேன். சென்னையில் அந்த நேரத்தில் சிக்னலில் நின்றிருப்பேன். ஆனால் காய்ச்சல் மாத்திரைக்கும் விராலிமலைக்குத்தான் போகவேண்டும் என்றார்கள். அதையும் பட்டியலில் குறித்தேன்.

வெள்ளிக்கிழமை காலை, அறந்தாங்கி வழியாகக் கட்டுமாவடி. வலைக் கிடங்குக்கு மேலே ஓர் அறை, மூவாயிரம். கடற்காற்றுக்குக் குறைவில்லை, அலுவலகக் கூட்டத்தில் என் முகம் மட்டும் திரையில் இருமுறை உறைந்து நின்றது. கூட்டம் முடிந்ததும் கரையில் நடந்த ஏலத்துக்குப் போனேன். ஒரு கூடை நண்டு நானூற்றில் தொடங்கி, நானூற்று இருபதில் நின்றது. சென்னை விலையை நினைத்து நான் எழுநூறு என்றேன். ஏலம் கூறியவர் அதோடு ஏலத்தை முடித்துவிட்டார். பக்கத்தில் நின்ற மீன் வியாபாரி ராக்கு, என் வயதுதான் இருக்கும், தன் காலிக் கூடையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு திரும்பினாள்.

"ஏத்தா, நீ இன்னிக்கு நண்டு தின்னுட்டு பஸ் ஏறிப் போயிருவ. நாளைக்கு எழுநூறுக்கு நான்ல எடுக்கணும்?"

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். நண்டுக் கூடையை இன்னும் தூக்கவில்லையே, மாற்றிச் சொல்லு என்றாள் ஒருத்தி. சொன்ன விலையை நான் திரும்பப் பெற்றதும் ஏலம் மறுபடி நடந்தது. நானூற்று நாற்பதுக்கு ராக்கு எடுத்தாள். எனக்கு நான்கு நண்டுகளை விற்றாள், லாபம் வைத்துத்தான்.

அவற்றைப் பையில் வாங்கிக்கொண்டிருந்தபோது தொலைபேசி ஒலித்தது.

"அக்கா, நான் கீரனூர்ல பக்கத்துப் போர்ஷன் ஸ்டெல்லா. வீட்டுக்காரர்ட்ட நம்பர் வாங்குனேன். நீங்க அஞ்சரை தர்றேன்னீங்களாம்ல. ஆவணியிலேர்ந்து எனக்கும் அஞ்சரைன்னுட்டாரு. நெசமாவே அம்புட்டு சொன்னீங்களா?"

ஸ்டெல்லா திருச்சியில் ஓர் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறார்; காலை ஏழு மணி பஸ். மகன் அடுத்த தெருப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. அவர் கொடுத்துவந்த வாடகை மூவாயிரத்து எண்ணூறு. அதற்கு மேல் இயலாது. வேறு வீடு பார்க்கலாமென்றால் ஆடியில் யாரும் முன்பணம் வாங்கி உறுதி சொல்ல மாட்டார்கள். சொன்னது நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். சற்று முன் நண்டு ஏலத்தில் செய்ததையும் சொல்லி, நாளை வருகிறேன் என்றேன். வலைக் கிடங்கின் மேல் நின்றபோது ஒன்று தெளிவாயிற்று: நான் இன்னும் பால் காய்ச்சவில்லை. சலித்துக்கொண்ட ஆடி எனக்கு அவகாசம் வைத்திருந்தது.

சனிக்கிழமை பதினொரு மணிக்குச் சிதம்பரத்தின் வாசலில் நின்றேன். வாடகை நாலாயிரம்தான், ஸ்டெல்லாவுக்கும் பழைய வாடகையே இருக்கவேண்டும், அப்படியானால் வருகிறேன், இல்லையேல் கட்டுமாவடி அறைக்குப் போகிறேன் என்றேன்.

"கூட்டித் தர்றேன்னவுங்களே கொறைங்கன்னு வந்து நிக்கிறத நான் பாத்ததில்லைங்க. அதுவும் ரெண்டு வீட்டுக்கும் சேத்து."

"கம்பெனி கூப்பிட்டா நான் ஆறு மாசத்துல போயிருவேன், சார். ஸ்டெல்லாவும் போயிட்டா, அதுக்கப்புறம் இந்தத் தெருவுல அஞ்சரை தர யாரு இருக்கா?"

திருச்சி பஸ்ஸை நம்பி வாழும் அந்தத் தெருவின் சம்பளங்கள் சிதம்பரத்துக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அவர்களுக்குக் கால் நூற்றாண்டு டிக்கெட் கிழித்தவர். பக்கத்து வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஸ்டெல்லா, ஒனக்குப் பழைய வாடகதான். இங்கிட்டு வந்து ஒன் புது வக்கீலப் பாரு."

அன்று விடுப்பில் இருந்த ஸ்டெல்லா கையில் கரண்டியோடு ஓடிவந்தார். சிரித்துக்கொண்டே என் பையை எட்டிப் பார்த்து, நண்டு எங்கே என்று கேட்டார். இரவு நான் தங்கிய அறந்தாங்கி விடுதியின் சமையல்காரர் அதை நேற்றே குழம்பு வைத்துவிட்டார் என்றேன். எழுநூறு கொடுத்தா வாங்கினீர்கள் என்றார் சிதம்பரம். ராக்குவின் கதையை அதற்குள் அவரிடமும் சொல்லியிருந்தேன். நாங்கள் மூவரும் வெகுநேரம் சிரித்தோம். அந்த நான்கு நாளில் நான் பெற்ற முதல் வெற்றி அது. பரிசாக எனக்கும் மாதம் ஆயிரத்து ஐந்நூறு மிச்சம்.

ஆவணி முதல் தேதி பால் காய்ச்சினேன். நான் கீரனூரில் நாலாயிரம் கொடுக்கிறேன். ஸ்டெல்லா மூவாயிரத்து எண்ணூறு கொடுக்கிறார். எங்கள் பட்டியலில் வாடகை, சாப்பாடு, இணையம் ஆகியவற்றுக்குப் பக்கத்தில் இப்போது 'பக்கத்து வீட்டார் தரும் வாடகை' என்று ஒரு பத்தி கூடியிருக்கிறது. அது நிரப்பப்படாத ஊரை நாங்கள் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.