செங்கல் தூளில் ஒரு வாசல்

ஆபீசில் அவளுக்கு ரப்பர் அக்கா என்று பெயர். கட்டடக்கலை படித்துப் பட்டம் வாங்கியவளுக்கு இப்படி ஒரு பட்டப்பெயரா என்று கேட்காதீர்கள். ஊரே கம்ப்யூட்டரில் வரைகிற காலத்திலும் அவள் முதலில் தாளில் பென்சிலால்தான் போட்டுப் பார்ப்பாள். போட்டதில் பாதியை அழித்த பிறகுதான் மீதியை நம்புவாள். அப்பேர்ப்பட்டவள் ஒரே ஒரு கோட்டை மட்டும் அழிக்காமல் விட்டாள். அது அவளைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல.

அவள் பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் ஒரே வரிசை வீடுகளில். அங்கே இருந்தவர்களின் முன்னோர்கள் எங்கிருந்தோ பிழைக்க வந்தவர்கள். தலைமுறைகள் ஓடியும் ஊர் அவர்களை வந்தேறிகளாகவே பார்த்தது. அவர்கள் கடைக்குள் நுழைந்தால் கடைக்காரன் கண் அவர்கள் கைப்பையை விட்டு அகலாது. தோலின் நிறத்தைப் பார்த்ததுமே மாடி வீட்டுக் காவலாளியின் விரல் பின்வாசல் பக்கம் நீளும். யாரும் வாய்விட்டுத் திட்டவில்லை, உண்மைதான். விரலே போதாதா?

அந்த வரிசையை இடித்துவிட்டுப் பெரிய அடுக்குமாடி கட்ட ஒரு பில்டர் வந்தார். பழைய குடித்தனக்காரர்களுக்கு அதே இடத்தில் வீடு கொடுத்தாக வேண்டும் என்று சட்டம். வேண்டாவெறுப்பாகத் தலையாட்டிவிட்டு, வரைபட வேலையை ரப்பர் அக்காவின் ஆபீசிடமே கொடுத்தார். வரிசைக்காரர்களுக்குப் பின்பக்கம் ஒரு கட்டடம், நடுவில் உயரமாக ஒரு மதில், அவர்களுக்குத் தனி வாசல். அவ்வளவுதான் அவர் கேட்டது.

"எல்லாம் பாதுகாப்புக்குத்தாம்மா. அவங்களும் நிம்மதியா இருக்கணுமில்ல?" என்றார்.

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். ரப்பர் அக்காவுக்கு அது புரியாமல் இல்லை. ஆனாலும் வரைந்தாள். எப்படியோ தலைக்கு மேல் ஒரு கூரை கிடைத்தால் சரி, வாயைத் திறந்து வேலையைக் கெடுத்துக்கொள்வானேன் என்று நினைத்துவிட்டாள்.

வீட்டில் அந்தத் தாளை முதலில் விரித்துப் பார்த்தது அவள் நாத்தனார். கணவனின் அக்கா, அடுத்த வீடு, வாய் ஏழூருக்குக் கேட்கும். தம்பி பெண்டாட்டி வைத்த குழம்பை இன்றுவரை நன்றாயிருக்கிறது என்று சொல்லாதவள்.

"இந்தத் தடிச்ச கோடு என்னடி?"

"மதில், அண்ணி."

"நம்ம வாசல் எங்க?"

"பின்னாடி. குப்பைத் தொட்டிச் சந்து வழியா வரணும்."

நாத்தனார் கத்தியிருந்தால்கூட ரப்பர் அக்கா தாங்கியிருப்பாள். நாத்தனாரோ தாளைச் சுருட்டி மெதுவாக மேசைமேல் வைத்தாள். "இடிக்கப்போற இந்த ஓட்டை வீடு இருக்கே, அதுக்கே வாசல் ரோட்டைப் பாத்துதான் இருக்கு. ஊரான் விரலைக் காட்டுவான், பழகிப்போச்சு. நீ கோடே போட்டுட்டியேடி" என்றாள்.

அன்று முழுக்க ரப்பர் அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளே புதிதாக வரைந்தாள். மதில் இல்லை. ரோட்டைப் பார்த்து ஒரே வாசல், நடுவில் எல்லோருக்குமாக ஒரு அகலமான படிக்கட்டு, பக்கத்திலேயே லிஃப்ட், மதில் நின்ற இடத்தில் முற்றம். ஆபீஸ் முதலாளி படத்தைப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா பூனைக்கு யாரும்மா மணி கட்டுறது?" என்றார்.

பில்டர் படத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வீடு வாங்குறவங்க ஓடிப் போயிடுவாங்கம்மா."

"அவங்களைக் கேட்டீங்களா சார்?"

"இதை வேற கேக்கணுமா? ஊருக்கே தெரிஞ்ச விஷயம்!"

வந்ததே அவளுக்குக் கோபம்! கேட்காமலே தெரியுமாம், பெரிய தீர்க்கதரிசி!

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்னால், முழு வரைபடத்தையும் சுண்ணாம்புத் தூளால் வெறும் தரையிலேயே போடுவார்கள். வீடு வாங்குபவர்கள் வந்து தங்கள் வீட்டுக்குள் நடந்து பார்ப்பார்கள். வேடிக்கையாக இருக்கும். சுவரே இல்லாத இடத்தில் சுவரைச் சுற்றிக்கொண்டு போவார்கள். ஒருவர் இல்லாத கதவைத் தட்டுவார், இன்னொருவர் உள்ளிருந்து "யாரது?" என்பார். மறுநாள் மண்வெட்டி இறங்கிவிட்டால் போட்ட கோடு போட்டதுதான். பழைய வரிசை இடிபட்டுத் தரை வெறுமையானபோது, மதிலைத் தடுக்க ரப்பர் அக்காவுக்கு மிச்சமிருந்தது அந்த ஒரு நாள்.

வெள்ளைச் சுண்ணாம்பில் பில்டர் கேட்ட மதிலும் சந்தும் போடச் சொன்னாள். அதே தரையில், சிவப்புச் செங்கல் தூளில், தன்னுடைய வாசலும் முற்றமும். பிறகு முன்பக்கத் தகரக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். 'பின்வழியாக வரவும்' என்று வீடு வாங்குபவர்கள் எல்லோருக்கும் செய்தி அனுப்பினாள். வேலை போனால் போகட்டும் என்று கணவனிடம் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தாள். அவன், "போனா போகட்டும், எங்க அக்கா வாயில இருந்து தப்பிச்சா போதும்" என்றான்.

வந்தார்கள். நிரம்பி வழிந்த குப்பைத் தொட்டிகளை உரசிக்கொண்டு, உறுமுகிற டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்தில் ஒடுங்கிக்கொண்டு, சேற்றில் கால் புதைய வந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் பல் டாக்டர். வாங்குபவர்கள் சங்கத்துக்குத் தலைவர். வெள்ளை பேன்ட் முழங்கால் வரை நாசம், முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"மனுஷன் வர்ற வழியா இது? எந்தப் புண்ணியவான் வரைஞ்சது?"

பில்டர் முகம் சுண்டிப்போனது. முதலாளி வானத்தைப் பார்த்தார். ரப்பர் அக்கா முன்னால் வந்தாள்.

"நான்தான் வரைஞ்சேன் டாக்டர். ஆனா இது உங்களுக்கு இல்ல, எங்களுக்கு. நீங்க இன்னைக்கு ஒரு நாள் வந்தீங்க. நாங்க தினம் இப்படித்தான் வரணும். நானும், என் புருஷனும், அதோ நிக்கிறாங்களே என் அண்ணி, அவங்களும்."

வெள்ளைச் சுண்ணாம்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம், தன் சமையலறை வரப்போகிற இடத்தில் நாத்தனார் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

டாக்டர் அவளைப் பார்த்தார், தன் செருப்பைப் பார்த்தார், பில்டரைப் பார்த்தார். "மதில் வேணும்னு நாங்க எப்பய்யா கேட்டோம்?"

"இல்ல சார்... பொதுவா எல்லாரும்..."

"பொதுவா யாரு?"

ரப்பர் அக்கா முன்கதவைத் திறந்துவிட்டு, "இந்தச் சிவப்புக் கோட்டு வழியா ஒரு தடவை நடந்து பாருங்க" என்றாள். நடந்தார்கள். எல்லோரும் ஒரே படிக்கட்டு வரை போய், முற்றத்தில் வெயிலில் நின்றார்கள். எல்லோர் மனமும் மாறிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஒருவர் கொடுத்த முன்பணத்தைத் திருப்பிக் கேட்டார், இரண்டு பேர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். ஆனால் டாக்டர் நேராக வெள்ளை மதிலுக்குப் போய், "செருப்புதான் ஏற்கெனவே போச்சே" என்று காலால் தேய்க்க ஆரம்பித்தார். அவர் மனைவி சேர்ந்துகொண்டாள். பிறகு இன்னும் சிலர். அந்தப் பக்கத்திலிருந்து நாத்தனாரும் தேய்த்துக்கொண்டே வந்தாள். நடுவில் டாக்டரும் அவளும் முட்டிக்கொள்ளாத குறை.

காற்றடிக்கிற பக்கம் சாய்வது பில்டருக்குப் புதிதா என்ன? "நானும் இதைத்தான் நினைச்சேன்" என்றார் கூசாமல். மறுநாள் மண்வெட்டிகள் சிவப்புக் கோட்டில் இறங்கின. ரப்பர் அக்கா தெருவென்றும் பாராமல் அழுதாள், சிரித்தாள், முதலாளி வாங்கிக் கொடுத்த டீயைக் கொட்டினாள்.

கட்டடம் எழுந்தது. குடிபோகிற அன்று சாமான் வண்டி பெரிய வாசலில் நின்றது. ரப்பர் அக்கா பாத்திரங்களை இறக்கிக்கொண்டிருக்க, நாத்தனார் வெறுங்கையோடு உள்ளே போனாள். வெளியே வந்தாள். மறுபடி உள்ளே போனாள். காவலாளி பேப்பர் படித்துக்கொண்டிருந்தான்.

"என்ன அண்ணி, ஏதாவது மறந்துட்டீங்களா?"

"ஒண்ணும் மறக்கலை. சும்மாதான் போயிட்டுப் போயிட்டு வரேன்." நாத்தனார் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் நிறைந்திருந்தது. "நீ யாருன்னு ஒருத்தனும் கேக்கலை, பாத்தியாடி!"