தோரணம் கட்டிய கேரவனில் கிளேட்டன் வரை

வெள்ளிக்கிழமை, காலை 6.20. குவேக்கர்ஸ் ஹில் வீட்டு டிரைவ்வேயிலிருந்து வண்டியை வெளியே எடுக்கும்போதே கோமதி ஒப்பந்தத்தை மறுபடி ஒப்பித்தாள்.

"ஒரு சொட்டு. மெல்போர்ன் போய்ச் சேர்றதுக்குள்ள உள்ள ஒரு சொட்டுத் தண்ணி வந்தாலும் வித்துடணும். அப்புறம் பேச்சு மாறக்கூடாது, ஆமா."

கோமதி என் மனைவி. ஆஸ்பத்திரியில் நர்ஸ். பூஞ்சை வாசம் மூக்கில் ஏறினாலே அவளுக்கு இழுப்பு வந்துவிடும், இரண்டு நாள் பம்பும் கையுமாக அலைவாள். அதனால் அவள் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் பதினான்கு மாதச் சனிக்கிழமைகளை முழுக்க விழுங்கிய ஒரு பொருளை, ஒரே ஒரு சொட்டுக்காகக் கைகழுவ எனக்கு மனசில்லை. "சரி" என்று மட்டும் சொன்னேன்.

காருக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தது பதினாலு அடி நீளக் கேரவன். எழுபதுகளில் செய்தது. மரச்சட்டம், அதன்மேல் மெல்லிய அலுமினியத் தகடு, உள்ளே பிளைவுட். மெல்போர்னில் கிளேட்டன் பக்கம் இருக்கும் சவிரி அங்கிளிடம் எண்ணூறு டாலருக்கு வாங்கினேன். அவர் மன்னார்க்காரர், தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஆறு வருடமாகக் கொல்லையில் நீலத் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்ததாம். "ஒழுகுது தம்பி, மறைக்கேல்ல. செய்து முடிச்சா ஒருக்காக் கொண்டுவந்து காட்டுங்கோ" என்று சொல்லித்தான் கொடுத்தார். அந்தக் காட்டும் பயணம்தான் இது.

எனக்கு வேலை கம்ப்யூட்டரில். சுத்தியலை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரிந்த அளவுக்குத்தான் தச்சுவேலை தெரியும். முதல் மாதம் உள்சுவரில் இருந்த கறைக்கெல்லாம் பட்டி பார்த்து, பளபளவென்று வெள்ளை அடித்து, கோமதியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் கட்டைவிரலால் சுவரை ஓர் அழுத்து அழுத்தினாள். விரல் உள்ளே போய்விட்டது. டீயில் ஊறிய ரஸ்க் மாதிரி இருந்தது மரம். அன்றைக்குப் பிரிக்க ஆரம்பித்தவன், முன்பக்கச் சுவர் முழுவதையும் பிரித்த பிறகுதான் நிறுத்தினேன்.

படுக்கைக்கு மேலே, அந்த முன்சுவரில்தான் அழுகல் அதிகம். கறுப்புக் கறை ஒரு விசிறி போல விரிந்து இறங்கியிருந்தது. விசிறியின் காம்பு இருக்கும் இடத்தில் ஒரு பித்தளை ஸ்க்ரூ, மூன்று அங்குலம். சுவரின் கனமே ஒன்றரை அங்குலம்தான். மீதி வெளியே தகட்டைக் குத்திக்கொண்டு போய், யாரோ முனையை அரத்தால் ராவி, மேலே பெயிண்ட் பூசியிருந்தார்கள். இதை இங்கே எந்தப் புண்ணியவான் அடித்தான், எதற்கு அடித்தான் என்று ஒன்றும் புரியவில்லை. ஸ்க்ரூவை டூல் பாக்ஸில் போட்டுவைத்தேன்.

புதுச் சட்டம், புது பிளைவுட், ஒவ்வோர் இணைப்பிலும் ரப்பர் சீலன்ட். முடிந்ததும் ஹோஸ் பைப்பால் ஒரு மணிநேரம் கூரையில் தண்ணீர் அடித்தேன். ஈரம் அளக்கும் சின்னக் கருவியை உள்ளே முப்பது இடத்தில் குத்திப் பார்த்தேன். காய்ந்து கிடந்தது. கிளம்புவதற்கு முந்தைய நாள் பூஜை. குங்குமம், கற்பூரம், சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம். ஹோம்புஷ் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் மாவிலைத் தோரணத்தை வாசலில் கட்டச் சொன்னாள் கோமதி. கதவுக்கு மேலே இரண்டு ஸ்க்ரூ போட்டு மாட்டினேன். "இப்பத்தான் வீடு மாதிரி இருக்கு" என்றாள். பதினான்கு மாதத்தில் அந்த வண்டியைப் பற்றி அவள் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது.

காலை 9.10. கோல்பர்ன். வீட்டிலிருந்து நூற்றுத்தொண்ணூறு கிலோமீட்டர். தொண்ணூறுக்கு மேல் ஓட்டவில்லை. லாரிகள் கடந்து போகும்போதெல்லாம் கேரவன் ஒரு குலுக்குக் குலுக்கியது. பெட்ரோல் பங்கில் வெள்ளைத் தாடி வைத்த ஒருவர் வந்து, "என்ன வருஷத்து வண்டி?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். சொன்னேன். "ஒழுகுமா?" என்பதுதான் அடுத்த கேள்வி. இந்த நாட்டில் பழைய கேரவன் வைத்திருப்பவனைப் பார்த்து எல்லாரும் கேட்பது அதைத்தான். "இல்லை" என்றேன். கோமதி கண்ணாடி வழியே என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

யாஸ் தாண்டியதும் மழை பிடித்தது. சும்மா தூறல் இல்லை, வைப்பரை வேகமாக வைத்தும் ரோடு தெரியாத மழை. ஹியூம் நெடுஞ்சாலையில் ஒன்றரை மணிநேரம் அப்படியே ஓட்டினேன். "நல்ல டெஸ்ட்டுதான்" என்றாள் அவள்.

பகல் 1.15. கண்டகாய். முந்நூற்று எண்பது கிலோமீட்டர். கேரவன் பார்க்கில் மின்சார வசதியோடு ஓர் இடம், ஓர் இரவுக்கு நாற்பத்திரண்டு டாலர். வண்டியை நிறுத்தியதும் முதல் ஆளாக உள்ளே ஓடினேன். கூரை காய்ந்திருந்தது. ஜன்னல்கள் காய்ந்திருந்தன. நான் புதிதாகக் கட்டிய முன்சுவர் சருகு மாதிரி காய்ந்திருந்தது. தாங்கமுடியாத சந்தோஷம். திரும்பி வந்து வாசலை ஒட்டிய இருக்கையில் கையை ஊன்றினேன். மெத்தை சொதசொதவென்று இருந்தது.

அண்ணாந்து பார்த்தேன். மேல் பலகையின் ஓரத்தில் ஒரு சொட்டு, விழவா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நின்றது. பிறகு விழுந்தது.

கோமதியின் செருப்புச் சத்தம் படியில் கேட்டது. வேறு வழி தெரியாமல் நான் அந்த மெத்தையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் புளியோதரைப் பாத்திரத்தைத் திறந்து பரிமாறினாள். சாப்பிட்டேன். அப்பளம் வேண்டுமா என்றாள், சாப்பிட்டேன். தண்ணீர் பேண்ட் வழியாக ஏறி இடுப்புக்கு வந்துவிட்டது. ஐம்பது வயதில் ஒரு மனிதன் இப்படியா உட்கார்ந்திருப்பான்! அசையாமல் இருந்தேன். உச்சந்தலையில் அடுத்த சொட்டு விழுந்தது.

"எந்திரிங்க" என்றாள் கோமதி.

எழுந்தேன். அவள் மெத்தையைப் பார்த்தாள், என் பேண்ட்டைப் பார்த்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"உங்க கஷ்டம் எனக்குத் தெரியாதுன்னு நினைக்காதிய. தகடு கிழிச்சு கை முழுக்க தையல் போட்டுட்டு வந்து நின்னியளே, நான்தானே கட்டு மாத்தினேன். ஆனா இந்த ஈரம் ரெண்டு நாள்ல பூஞ்சை ஆயிரும். எனக்கு மூச்சு முக்கியமில்லையா?"

"முக்கியம்தான்."

"ஊருக்குப் போனதும் விளம்பரம் போட்டுருங்க."

"போடறேன்" என்றேன். மழை விட்டபின் ஏணி வாங்கி, டார்ச்சும் கையுமாக இருட்டும்வரை தேடினேன். கூரை ஜன்னலின் விளிம்பு சரியாக இருந்தது. நான் போட்ட சீலன்ட் எங்கும் பிளக்கவில்லை. பலகைக்குள் தண்ணீர் எந்த வழியாகப் போகிறது என்று எனக்குப் பிடிபடவே இல்லை.

சனிக்கிழமை, காலை 7.00. மிச்சம் ஐந்நூறு கிலோமீட்டர். ஹோல்புரூக்கில் காபி, ஆல்பரியில் மாநில எல்லை, யுரோவாவில் மதிய இட்லி. வழியெல்லாம் நல்ல வெயில். கண்ணாடியில் தெரிந்த கேரவனை நான் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். தோரணம் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டு வந்தது.

பிற்பகல் 3.05. கிளேட்டன். சவிரி அங்கிளும் அவர் மனைவி திரேசா அன்ரியும் வாசலிலேயே நின்றார்கள். அங்கிள் கேரவனைச் சுற்றி இரண்டு தடவை நடந்தார். "இது எங்கடதோ? நம்பேலாமக் கிடக்கு" என்றார். அன்ரி கைப்பிடியைப் பிடித்துப் படியில் ஏறி, வாசலில் நின்று மேலே பார்த்தார்.

"வடிவாக் கிடக்கு பிள்ளை. தோரணத்தை என்னெண்டு கொழுவினீங்கள்?"

"ஸ்க்ரூ போட்டு அன்ரி" என்றேன்.

சொல்லி முடிக்கும்போதே எனக்கு உறைத்துவிட்டது. கதவுக்கு மேலே. தகட்டில். இரண்டு ஓட்டை. தண்ணீர் அடித்துச் சோதித்ததற்கு மறுவாரம், ஒரு பொட்டு சீலன்ட்கூட வைக்காமல், நானே டிரில் பிடித்துப் போட்டது. ஏணியில் ஏறி டார்ச் அடித்துத் தேடினவன், தோரணத்தைக் கையால் ஒதுக்கிவிட்டுத்தான் தேடியிருக்கிறேன்.

கோமதி வாயைப் பொத்திக்கொண்டாள். "நான்தானே கட்டச் சொன்னேன்" என்றாள்.

அங்கிள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பதினாலு மாசம் எல்லா ஓட்டையும் அடைச்சுப்போட்டு, கடைசி நாள் சாமிக்கெண்டு ரெண்டு ஓட்டையைத் துறந்திருக்கிறீங்கள்!"

அவர் சிரித்த சிரிப்பில் எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. டூல் பாக்ஸைத் திறந்து அந்தப் பித்தளை ஸ்க்ரூவை எடுத்து நீட்டினேன். "அப்ப இது என்னது அங்கிள்? முன்சுவரு முழுக்க அழுகினது இதால்தான். வெளியில முனையை ராவி பெயிண்ட்வேற அடிச்சிருந்தது."

அங்கிளின் சிரிப்பு நின்றது. அன்ரிதான் வாங்கிப் பார்த்தார்.

"உது எங்கட மடு மாதாட படம் கொழுவினதெல்லோ! கட்டிலுக்கு மேல!"

பிறகு அன்ரி அங்கிளின் பக்கம் திரும்பினார். "நான் மீன் பொரிக்கேக்க மேல் யன்னலைத் துறந்து விட்டதாலதான் ஒழுகுது எண்டு இவ்வளவு காலமும் எனக்குச் சொன்னனீங்கள், என்ன?"

அங்கிள் முற்றத்துப் பிளாஸ்டிக் கதிரையில் போய் உட்கார்ந்தார். "படம் விழக்கூடாதெண்டு பெரிய ஸ்க்ரூவாப் பாத்து நான்தான் பூட்டினனான்" என்றார். "பிறகு ஒழுகத் தொடங்க, ஒழுக்கு நிக்கவேணும் எண்டு அந்தப் படத்துக்கு முன்னாலதான் மெழுகுதிரி கொளுத்தினனான்."

முதலில் சிரித்தது அன்ரி. அதற்குப் பிறகு நான்கு பேரும் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம். அக்கம்பக்கத்தில் என்ன நினைத்தார்களோ தெரியாது.

தேநீர் வந்தது. கோமதி எங்கள் ஒப்பந்தத்தை அவர்களிடம் சொன்னாள். அங்கிள் கோப்பையைக் கீழே வைத்தார். விளையாட்டுப் பேச்சு அவர் முகத்தில் இல்லை.

"விக்கிறதெண்டா வேற ஆருக்கும் குடுக்காதேங்கோ. எனக்கே தாங்கோ. ஏழாயிரம் தாறன். நாங்கள் இன்னொருக்கா லேக்ஸ் என்ட்ரன்ஸ் கடற்கரைப் பக்கம் போய் வரலாம்."

அன்ரி வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்கோ கொடுக்கமாட்டேன் என்று கத்தவேண்டும்போல இருந்தது. ஆனால் பேச்சு பேச்சுதான். சொட்டு விழுந்திருந்தது, என் தலையிலேயே விழுந்திருந்தது. கோமதியைப் பார்த்தேன்.

அவள் கொஞ்ச நேரம் தோரணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒழுகுற வண்டிய உங்க தலையில கட்ட எனக்கு மனசு வராது அங்கிள்."

"அதுக்கென்ன, அடைச்சுப்போட்டுத் தாங்கோவன்."

"அடைச்சாச்சுன்னா நான் எதுக்கு விக்கணும்?" என்றாள் கோமதி.

"பிள்ளை கெட்டிக்காரிதான்" என்றார் அன்ரி. டிசம்பர் விடுமுறைக்குக் கேரவனைக் கொண்டுவருகிறோம், லேக்ஸ் என்ட்ரன்ஸுக்கு நீங்கள் இரண்டு பேரும் எடுத்துக்கொண்டு போங்கள் என்று கோமதியே சொன்னாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் உடனே தலையாட்டியிருப்பேன்.

ஞாயிறு முழுவதும் அங்கேதான். ஸ்க்ரூக்களைக் கழற்றியது நான், ஓட்டைகளில் சீலன்ட் வைத்துத் தகட்டுத் துண்டு ஒட்டியது கோமதி. ஊசி போடுகிற கை, ஒரு பிசிறு இல்லாமல் வைத்தது. மெத்தையை வெயிலில் போட்டோம். மேல் பலகையை ஹீட்டர் வைத்துக் காயவைத்தோம். பித்தளை ஸ்க்ரூவை அங்கிள் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார், திருப்பித் தரவில்லை.

திங்கட்கிழமை, காலை 6.45. கிளம்பும்போது அன்ரி பொரித்த மீன் பொட்டலம் ஒன்றைக் கோமதியின் மடியில் வைத்தார். மேல் ஜன்னலைப் பூட்டியாகிவிட்டதா என்று அங்கிளைக் கேட்டார். அங்கிள் வானத்தைப் பார்த்தார். தோரணத்தை வாசலிலிருந்து எடுத்து, உள்ளே ஜன்னல் திரைக்கம்பியில் நூலால் கட்டியிருந்தோம். வருகிறபோது கதவுக்கு வெளியே நின்று எங்களுக்குக் காவல் இருந்தது, போகிறபோது உள்ளே உட்கார்ந்து வந்தது.

ஆல்பரிக்கும் ஹோல்புரூக்குக்கும் நடுவில் அதே மழை. ஓய்விடத்தில் வண்டியை நிறுத்தினேன். "நீங்க இருங்க" என்று சொல்லிவிட்டுக் கோமதி குடையோடு பின்னால் போனாள். ஐந்து நிமிடம் ஆயிற்று. பத்து நிமிடம் ஆயிற்று. இழுப்பு வந்துவிட்டதோ என்று பயந்து நனைந்துகொண்டே ஓடினேன்.

வாசலை ஒட்டிய அந்த மெத்தையில், மேல் பலகைக்கு நேர் கீழே முகத்தை வைத்து, மல்லாந்து படுத்திருந்தாள். கண்ணைத் திறக்காமலே சொன்னாள்:

"கதவச் சாத்துங்க. நீங்கதான் ஈரத்தைக் கொண்டு வாரிய."